சோழர் சமையலறையில் மிளகாய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் சரித்திரத் தொடர்கதைகளை விடாமல் படிக்கிறவன் நான். ராஜராஜன் காலத்துக் கதையில் ஒரு பாட்டி அம்மியில் மிளகாய் அரைக்கிறாள். 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியதற்கு அப்புறம் போர்த்துக்கீசியர் வழியாக வந்த சரக்கு அது, அதுவரை நம் ஊரில் காரம் என்றால் மிளகுதான். சரி, இது சின்ன விஷயம், விட்டுவிடலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. எழுதுகிறவர்கள் கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தியை மட்டும் படித்துவிட்டு நேரே போர்க்களத்துக்குப் போய்விடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின் பெயர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பது வரை ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான், ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். திருவாரூரிலிருந்து வந்தவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியோடு ஒத்துப்போனதா, அந்த நெல்லை எங்கே கொட்டி வைத்தாள், சொந்த ஊர் ஞாபகம் வந்தால் என்ன செய்தாள்? கல்வெட்டு வாய் திறக்காத இந்த இடத்தில்தானே கதாசிரியருக்கு வேலை! தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் எல்லாம் அச்சில் இருக்கிறது, பெரிய நூலகங்களில் கிடைக்கும்.

அடுத்த தொடரை எழுதப்போகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். குதிரையில் வரும் ஒற்றர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்