விமான நிறுவனத்தின் மீதான கோரிக்கையைத் திருகோணமலையிலேயே தொடர வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூதூர், கிண்ணியா, திருகோணமலை நகரம் ஆகிய இடங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்று திரும்புவோரின் பயணப்பொதி உடைந்தோ தொலைந்தோ போனால், 'கொழும்பில்தான் வழக்குப் போடவேண்டும், செலவு பொதியின் பெறுமதியையே விழுங்கிவிடும்' என்று சொல்லி, அவர்களைப் பேசாமல் இருக்கச் செய்வதே வழக்கமாகிவிட்டது. இந்த அறிவுரையால் எத்தனையோ நியாயமான கோரிக்கைகள் எழுதப்படாமலே போகின்றன.

இலங்கை ஏற்றுக்கொண்டுள்ள 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் என்ற சர்வதேச விமானப் பயண உடன்படிக்கையின்படி, பயணம் முடிவடையும் நாட்டின் நீதிமன்றத்திலும் விமான நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ரிக்கெற் எடுத்துத் திரும்புபவருக்கு அந்த நாடு இலங்கைதான். எந்த ஊர் நீதிமன்றம் என்ற கேள்விக்கு, ஒப்பந்தம் செய்யப்பட்ட இடத்திலுள்ள நீதிமன்றத்தையும் நாடலாம் என்று நமது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9 ஆம் பிரிவு கூறுகிறது. திருகோணமலையிலுள்ள முகவரிடம் பணம் கட்டி ரிக்கெற் பெற்றவர், அந்தப் பற்றுச்சீட்டுடன் சட்டத்தரணி ஒருவரிடம் சென்று, தன் ஒப்பந்தம் திருகோணமலையில் செய்யப்பட்டதாகுமா என்பதையே முதலில் கேட்கவேண்டும். கிழக்கு மாகாண நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பதால், தன் வழக்கைத் தன் மொழியிலேயே நடத்தவும் முடியும்.

காலக்கெடுக்களோ மிகக் கடுமையானவை. ஒப்படைத்த பொதி சேதமடைந்திருந்தால், அதைப் பெற்ற 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தாமதமாக வந்திருந்தால், கையில் கிடைத்ததிலிருந்து 21 நாட்களுக்குள் முறையிட வேண்டும். வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் வராத பொதியைத் தொலைந்ததாகக் கொண்டு இழப்பீடு கோரலாம். 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமையே அற்றுப்போகும். 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவரின் பொதிக்கான உச்ச வரம்பு 1,519 விசேட எடுப்பனவு உரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஓர் அலகு ஓர் அமெரிக்க டொலரிலும் பெறுமதி கூடியது. இது உச்ச வரம்பு மட்டுமே என்பதால், உண்மையான இழப்பை விலைச்சீட்டுகளாலும் படங்களாலும் காட்டவேண்டும்.

என் சகோதரி கொண்டுவந்த பெட்டி, சில்லுக் கழன்று ஒரு பக்கம் பிளந்த நிலையில் வந்தது. உள்ளே, வீட்டிலிருந்து தைத்துப் பிழைக்கலாம் என்று அவர் வாங்கிவந்த தையல் இயந்திரத்தின் மேல்மூடி இரண்டாக உடைந்திருந்தது. அவர் உரிய காலத்தில் முறையிட்டார். அடுத்த பயணத்தில் கட்டணக் கழிவு தருவதாகவும், அதை ஏற்றால் வேறு கோரிக்கை எதுவும் எழுப்ப முடியாது என்றும் நிறுவனம் ஆங்கிலத்தில் பதில் அனுப்பியது. மீண்டும் வெளிநாடு செல்லும் எண்ணமே இல்லாத ஒருவருக்கு அந்தக் கழிவால் என்ன பயன்? அந்தப் பதிலின் பொருளை யாரும் விளக்காதிருந்தால் அவர் ஒப்பமிட்டிருப்பார். ஆங்கிலம் தெரியாத ஒருவரின் உரிமையை இப்படி ஒரே வரியில் முடித்துவிட முனைவது அநியாயம்.

சிறு தொகைப் பிணக்குகள் பல, நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டியவை. அங்கு இணக்கம் ஏற்படாததைக் காட்டும் சான்றிதழ் இல்லாமல் அவ்வழக்குகளை நீதிமன்றம் ஏற்காது. அதற்கும் காலம் பிடிக்கும் என்பதால் 2 ஆண்டு முடியும்வரை காத்திருப்பது ஆபத்து. சிறு கோரிக்கைகளை விரைவாகவும் குறைந்த செலவிலும் தீர்ப்பதற்கென 2022 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது. அதன் பயன் திருகோணமலைக்கும் கிடைக்கவேண்டும்.

ஆகவே, சிறு கோரிக்கை ஒன்றை எங்கே, எந்தப் பத்திரங்களுடன், எவ்வளவு கட்டணத்தில் தாக்கல் செய்வது என்பதை விளக்கும் தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றை நீதி அமைச்சும் சட்ட உதவி ஆணைக்குழுவும் வெளியிட்டு, நீதிமன்ற வளாகத்திலும் பிரதேச செயலகங்களிலும் வைக்கவேண்டும். விமான ரிக்கெற் விற்கும் முகவர்களும், மேற்படி 7 நாள், 21 நாள், 2 ஆண்டு எல்லைகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ரிக்கெற்றுடனும் கொடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.