பேட்டரி கார்களுக்கு லித்தியம்: விலைப்பட்டியலுக்கு முன் ஓட்டக் கணக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ரயில் நிலையங்களிலும், ஸ்ரீரங்கம், பழனி போன்ற திருத்தலங்களிலும், வண்டலூர் உயிரியல் பூங்காவிலும், பெரிய மருத்துவமனை மற்றும் கல்லூரி வளாகங்களிலும் முதியோரையும் நடக்க இயலாதவர்களையும் ஏற்றிச் செல்லும் பேட்டரி கார்களைத் தங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். கோல்ஃப் மைதானத்துக்காக உருவான வண்டிதான் இருக்கைகள் கூட்டப்பட்டு நம் ஊரில் இந்தப் பணிக்கு வந்திருக்கிறது. இவ்வண்டிகளின் ஈய அமில பேட்டரிகள் ஆயுள் முடியும்போதெல்லாம், மீண்டும் அதே வகையை வாங்கிப் போடுவதா, கூடுதல் பணம் கொடுத்து லித்தியத்துக்கு மாறுவதா என்ற கேள்வி நிர்வாகங்களின் முன் வந்து நிற்கிறது. வளாகங்களின் மின் பராமரிப்பில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விலைப்புள்ளிகளை அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். லித்தியத்தின் விலை இரண்டு, மூன்று மடங்காகத் தெரிவதால் கோப்பு அங்கேயே மூடப்படுகிறது. அல்லது எங்கோ கேள்விப்பட்ட பெருமையை நம்பி, விலை குறைவான ஒரு லித்தியம் பேட்டரி அவசரமாக வாங்கப்படுகிறது. வண்டி ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது, அதன் பேட்டரியை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்ற இரண்டையும் கேட்காமல் எடுக்கப்படும் எந்த முடிவும் பணத்தை வீணாக்கும். காலையிலிருந்து இரவு வரை ஓடும் பொதுச்சேவை வண்டிகளுக்கு லித்தியமே சரியானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால், மாறுவதென்றால் பேட்டரியோடு அதைச் சார்ந்த மற்றவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஈய அமில பேட்டரியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 1859-இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய அந்தப் பேட்டரி இன்றுவரை உழைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அது கவனிப்பைக் கேட்கும் பொருள். வழக்கமான 48 வோல்ட் வண்டியில் ஆறு வோல்ட் பேட்டரிகள் எட்டு, அல்லது எட்டு வோல்ட் பேட்டரிகள் ஆறு, வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். எப்படி இணைத்தாலும் அதற்குள் 24 செல்கள் இருக்கும். அந்த 24-இல் ஒரே ஒரு செல்லில் தண்ணீர் வற்றிப் பிளேட்டுகள் வெளியே தெரிந்தாலும், அந்தச் செல் மற்ற அனைத்தையும் தன்னோடு கீழே இழுத்துவிடும். இப்படி நின்றுபோன வண்டிகளின் இருக்கையைத் தூக்கிப் பார்க்கும் போதெல்லாம் நான் கண்ட காட்சி ஏறக்குறைய ஒன்றுதான்: டெர்மினல்களில் வெண்மையும் பச்சையுமாகப் பூத்த உப்பு, தளர்ந்துபோன கேபிள், மூடிகளைச் சுற்றி ஈரப்பிசுக்கில் ஒட்டிய தூசி. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை வைத்து உறிஞ்சினால், முழு சார்ஜில் 1.265 அளவில் நிற்க வேண்டிய மிதவை, கெட்ட செல்லில் மட்டும் எழும்பாமல் அடியிலேயே கிடக்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற ஒரு கேன் வாங்கித் தராத நிர்வாகம், அதன் பிறகு முழுத் தொகுப்பையும் புதிதாக வாங்குகிறது.

இதில் ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் ஒப்பந்தப் பணியில் குறைந்த ஊதியத்துக்கு வருபவர்கள் அவர்கள். தண்ணீரைச் சார்ஜ் ஏறி முடிந்த பிறகே ஊற்ற வேண்டும், முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும் என்பதைக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. கையுறையோ கண்ணாடியோ இல்லாமல் அமிலத்தைக் கையாண்டு, ஓட்டை ஓட்டையாகிப்போன சீருடையோடு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சார்ஜ் ஏறும்போது வெளியேறும் ஹைட்ரஜன், காற்றில் நான்கு சதவீதத்தை எட்டினால் ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. அப்படியிருந்தும் ஜன்னலே இல்லாத படிக்கட்டு அறைகளில் இந்த வண்டிகள் சார்ஜில் போடப்படுகின்றன. தண்ணீரும் அமிலமும் ஹைட்ரஜனும் இல்லாத ஒரு பேட்டரி வருகிறது என்றால், அது பணக்கணக்கில் சேராவிட்டாலும் இந்த மனிதர்களுக்காகவே கவனிக்கத்தக்கது.

இனிப் பணக்கணக்குக்கு வருகிறேன். 48 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமிலத் தொகுப்பில் உள்ள ஆற்றல் 7.2 யூனிட். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், நாம் நம்பிப் பயன்படுத்தத்தக்கது 3.6 யூனிட் மட்டுமே. அதே வண்டிக்கான லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் ஆற்றல் 5.12 யூனிட், அதில் 80 சதவீதத்தைத் தயக்கமின்றி எடுக்கலாம் என்பதால் 4 யூனிட்டுக்கு மேல் கைக்கு வருகிறது. ஆகவே 150-க்கு 150 என்று ஒப்பிட்டு விலை கேட்பது தவறான கேள்வி. 150-க்குப் பதிலாக 100 போதும். ஆறு வோல்ட் பேட்டரி ஒன்று சுமார் 28 கிலோ என்பதால் எட்டும் சேர்ந்து 220 கிலோவைத் தாண்டும். லித்தியமோ 50 கிலோவுக்குள் அடங்கும். இரண்டு மூன்று பயணிகளின் எடை வண்டியிலிருந்து நிரந்தரமாக இறங்கிவிடுவதற்குச் சமம் இது.

ஆயுளைப் பொறுத்தவரை, நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஈய அமில பேட்டரி 500 முதல் 1,000 முறை வரை சார்ஜ் ஏறி இறங்கும். நம் கோடை வெயிலில் அது மேலும் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 2,000 முறைக்குக் குறையாமல் தாங்கும். நாள்தோறும் ஒருமுறை இறங்கி ஏறும் வண்டியில் முந்தையது இரண்டு ஆண்டுகளுக்கு உழைத்தாலே பெரிது. பிந்தையது ஐந்து ஆண்டுகளைக் கடக்கும். அதோடு, ஈய அமில பேட்டரி முழுதாக ஏற எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். அரைகுறையாக ஏற்றி ஓட்டினால் பிளேட்டுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். லித்தியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 25 ஆம்பியர் சார்ஜரில் மதிய உணவு வேளையில் ஒரு மணி நேரம் போட்டாலே கால்வாசி ஏறிவிடும். திருவிழா நாள்களிலும் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு நிரம்பி வழியும் திங்கட்கிழமைகளிலும் இந்த ஒரு மணி நேரத்தின் அருமை, வண்டிக்காகக் காத்திருக்கும் முதியவர்களுக்குத்தான் தெரியும்.

தீ விபத்து குறித்த அச்சத்தைப் பலர் என்னிடம் எழுப்பியிருக்கிறார்கள். 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் லித்தியம் என்ற ஒரே பெயருக்குள் பல வேதியியல் வகைகள் உள்ளன. எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஸ்கூட்டர்களில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை அதிகம் பயன்பட்டு வந்தது. பின்னர் வேதியியலுக்கான 2019-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குடினஃபின் குழுவினர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 1997-இல் அறிவித்த இரும்பு பாஸ்பேட் வகையில், ஆக்சிஜன் பாஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருப்பதால், அது கட்டுமீறிச் சூடாவதற்கு அதிக வெப்பம் தேவைப்படுகிறது. அதிலும் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இந்த வகையைத் தவிர வேறொன்றை ஏற்கக்கூடாது என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். வெறுமனே லித்தியம் பேட்டரி என்று எழுதினால் எது வேண்டுமானாலும் வந்து சேரும்.

மாற்றம் எங்கே தோற்கிறது என்பதற்கு நான் அருகிலிருந்து கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மருத்துவமனை வளாகத்தில், குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவரிடம் லித்தியம் வாங்கிப் பழைய பேட்டரி இருந்த இடத்தில் வைத்தார்கள். சமதளத்தில் வண்டி அழகாக ஓடியது. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாம் தளத்துச் சாய்தளத்தில் ஏறியபோது பாதி வழியில் மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தபடியே இருக்க, அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக் கைத்தாங்கலாக இறக்கி நடத்திச் செல்ல வேண்டியதாயிற்று. பேட்டரியில் குற்றமில்லை. மேட்டில் ஏறும்போது மோட்டார் சில நொடிகளுக்கு 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்றான பி.எம்.எஸ். 100 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டது. அது தன் கடமையைச் செய்து இணைப்பைத் துண்டித்தது. தொடர்ச்சியாக எவ்வளவு மின்னோட்டம், உச்சமாக எத்தனை நொடிகளுக்கு எவ்வளவு என்ற விவரத்தை, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் வண்டியின் கன்ட்ரோலரோடு ஒப்பிட்டு வாங்கியிருந்தால் அன்று அந்த நோயாளிகள் தவித்திருக்க மாட்டார்கள்.

அதே வண்டியில் பழைய சார்ஜரையே தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஈய அமில பேட்டரியின் செல்களைச் சமன்படுத்துவதற்காக அவ்வப்போது மின்னழுத்தத்தை உயர்த்தும் சார்ஜர் லித்தியத்துக்கு ஆகாது. பழைய மீட்டரும் அப்படித்தான்: அது மின்னழுத்தத்தை வைத்து அளவு காட்டுவது. லித்தியத்தின் மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று முடிவில் சட்டென்று விழுவதால், நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டே வண்டி நின்றுவிடும். உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை எண்ணிக் கணக்கிடும் மீட்டர் தேவை. விளக்குக்கும் ஹாரனுக்கும் பழைய பேட்டரிகளில் இரண்டிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தால், புதிய பேட்டரிக்கு, மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை அதற்கென வைக்க வேண்டும். விலை குறைவு என்பதற்காக 12 வோல்ட் லித்தியம் பேட்டரிகள் நான்கை வரிசையாக இணைப்பதையும் பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் தனித்தனியே பி.எம்.எஸ். இருப்பதால் ஒன்று துண்டித்தாலும் வண்டி நிற்கும். அந்த ஒன்றின் மீதே முழு மின்னழுத்தமும் விழுந்து அது கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. 48 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட ஒரே தொகுப்பை வாங்குவதே பாதுகாப்பு.

உதகை, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இவ்வண்டிகளை வைத்திருக்கும் கோல்ஃப் கிளப்புகளும் விடுதிகளும் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகச் செயல்பட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வண்டிகள் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியத்தோடு காலையில் முதல் வேலையாக இறக்கத்தில் இறங்கினால், அந்த மின்சாரத்தை ஏற்க இடமின்றிப் பி.எம்.எஸ். துண்டிக்க, மோட்டார் பிரேக் திடீரென விட்டுப்போகலாம். மேட்டில் நிறுத்திச் சார்ஜ் செய்யும் வண்டிகளை 90 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றொன்று உறைபனி. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரச் சேதம் ஏற்படும். உதகையில் ஜனவரி மாத விடியற்காலையில், திறந்த கொட்டகையில் சார்ஜில் போடும் வழக்கத்தை அவர்கள் கைவிட வேண்டும்.

எல்லோரும் மாறியாக வேண்டும் என்றும் நான் கருதவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வார இறுதியில் மட்டும் சில சுற்றுகள் ஓடும் வண்டிக்கு ஈய அமில பேட்டரியே போதும். மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்கவும், ஓடாத நாள்களிலும் சார்ஜ் இறங்காமல் வைத்திருக்கவும் ஒருவர் பொறுப்பேற்றால் அது நெடுநாள் உழைக்கும். அடிச்சட்டம் துருப்பிடித்து, மோட்டாரும் தேய்ந்த பழைய வண்டிக்கு விலையுயர்ந்த பேட்டரி போடுவது, வண்டியின் விலையைவிட அதிகமானதை அதற்குள் புதைப்பதாகும். பழைய ஈய பேட்டரியைக் கொடுத்தால் கடைக்காரர் எடைக்கு விலை தருவார், ஏனென்றால் அதன் ஈயம் பெரும்பாலும் முழுமையாக மீண்டும் உருக்கிப் பயன்படுத்தப்படுகிறது. ஆயுள் முடிந்த லித்தியத்துக்கு அந்தச் சந்தை இன்னும் நம் ஊர்களில் வேரூன்றவில்லை. 2022-இல் மத்திய அரசு அறிவித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. ஆகவே, ஆயுள் முடிந்ததும் எடுத்துச் செல்ல வேண்டியது யார் என்பதை வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

பொதுப்பணத்தில் இவ்வண்டிகளை இயக்கும் நிர்வாகங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். டெண்டர் விடுவதற்கு முன் ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு வண்டியும் ஓடிய நேரத்தையும் தூரத்தையும் ஓட்டுநரிடம் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் நாள் முழுவதும் உழைப்பதாகத் தெரியும் வண்டிகளை மட்டும் முதலில் மாற்றுங்கள். பேட்டரி, சார்ஜர், மீட்டர், கன்வெர்ட்டர் அனைத்தையும் ஒருவரே பொறுப்பேற்றுப் பொருத்தித் தர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். உத்தரவாதம் ஆண்டுக் கணக்கில் மட்டுமின்றி, அத்தனை ஆண்டுகளின் முடிவில் எத்தனை சதவீதத் திறன் மிஞ்சியிருக்கும் என்ற கணக்கிலும் எழுத்தில் வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுப்பதற்கு முன், அந்த வண்டியை அன்றாடம் ஓட்டும் ஓட்டுநரையே அழைத்து, இருக்கைகள் நிரம்ப ஆட்களை ஏற்றி, வளாகத்தின் மிகச் செங்குத்தான சாய்தளத்தில் நடுவில் நிறுத்தி மீண்டும் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள்; அவர் சரி என்று கையெழுத்திட்ட பிறகே பில் பாஸ் ஆகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மின் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
மதுரை.