நோமாவுக்கு ஏன் 2023 வரை ஆனது?

உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கான ஆலோசனைக் குழுவினருக்கு,

வணக்கம். குழந்தைகளின் முகத்தை அரிக்கும் நோமா என்ற நோய், புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2023இல்தான் சேர்ந்தது. ஒரு நோயை அந்தப் பட்டியலில் சேர்க்க நீங்கள் பார்க்கும் அளவுகோல்கள் நான்கு. ஏழைகளை அதிகம் தாக்க வேண்டும், வெப்பமண்டலப் பகுதிகளில் பெரும்பாலும் இருக்க வேண்டும், கைவசமுள்ள பொதுச் சுகாதார வழிகளால் உடனே கட்டுப்படுத்த முடிய வேண்டும், ஆராய்ச்சி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டும். முதல் இரண்டும் சரி. கடைசி இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஆராய்ச்சியே நடக்காத நோய்க்கு, கட்டுப்படுத்தும் வழி இருக்கிறது என்ற சான்றை யார் கொண்டுவருவார்கள்?

நோமாவைப் பாருங்கள். ஈறில் புண்ணாகத் தொடங்கி, சில நாட்களில் கன்னத்தையும் தாடையையும் அரித்துவிடும். பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு வருகிறது. சிகிச்சை இல்லையென்றால் 90 சதவீதம் வரை இறந்துபோகிறார்கள். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டால் ஆன்டிபயாடிக், வாய்ச் சுத்தம், சத்தான உணவு போதும். இவ்வளவு எளிதில் தடுக்கக்கூடிய சாவு அது.

ஆண்டுக்கு 1,40,000 பேருக்கு வருகிறது என்று உங்கள் நிறுவனம் 1998இல் மதிப்பிட்டது. கால் நூற்றாண்டு கழித்தும் அதே எண்ணைத்தான் எல்லாரும் எடுத்துச் சொன்னார்கள். குழந்தைகள் மருத்துவமனையை எட்டும் முன்பே இறந்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களில் பலர் சிதைந்த முகத்தோடு வெளியே வர முடியாமல் ஒளிந்து வாழ்கிறார்கள். அப்புறம் கணக்கு எங்கிருந்து வரும்?

2023 ஜனவரியில் நைஜீரியா முன்நின்று, பல நாடுகளின் ஆதரவோடு விண்ணப்பித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நோமா பட்டியலில் சேர்ந்தது. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்துசேரத்தான் இத்தனை காலம் ஆனது. மருத்துவரும் ஆய்வகமும் போதாத நாடுகளே ஆதாரத்தையும் திரட்ட வேண்டியிருப்பது பெரிய பாரம்.

மதுரையின் பெயரால் 'மதுராக் கால்' என்று 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட, பாதத்தைச் சிதைக்கும் மைசெட்டோமா நோய்க்கு 2016 வரை இடம் கிடைக்கவில்லை. அதன் பூஞ்சை வகைக்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும், அப்படியும் பலர் காலை இழக்கிறார்கள். நல்ல மருந்து இல்லை என்று அதை நீங்கள் ஒதுக்கவில்லை. அந்த மனத்தாராளம் மற்ற நோய்களுக்கும் வேண்டும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வெப்பமண்டல நோய்களுக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு நோயைச் சேர்க்கும் முன், வளர்ந்த நாடுகளில் அதன் மருந்துக்குக் குறிப்பிடத்தக்க சந்தை உண்டா, ஏழைகளையும் ஒதுக்கப்பட்டவர்களையும் அந்த நோய் அதிகம் தாக்குகிறதா என்று அது கேட்கிறது. அந்தச் சந்தைக் கேள்விக்கு நோயாளிகளை ஒவ்வொருவராக எண்ணாமலே பதில் சொல்லிவிடலாம். அதிலிருந்து நீங்களும் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது.

புள்ளிவிவரம் இல்லாததை ஒரு நோயின் குறையாக எடுக்காதீர்கள், புறக்கணிப்பின் சான்றாகவே எடுங்கள். செவிலியரின் பதிவேட்டையும் பிழைத்தவர்களின் வாக்குமூலத்தையும் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் தயாரிக்க வசதியில்லாத நாட்டுக்கு உங்கள் ஆட்களையே அனுப்புங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரத்தில் அக்கறையுள்ள ஒருவர்