காலையில் குடிக்க வேண்டிய ஒரு லிட்டர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருங்குடல் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கொலோனோஸ்கோபிக்கு (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) முன் குடலைச் சுத்தம் செய்வதை ஒரே வரியில் முடித்துவிட்டது. எண்டோஸ்கோபி பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அது பொறுக்கவில்லை. குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கருவி இருந்தும் பயனில்லை.

பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பேதி மருந்துப் பவுடரை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை முதல் நாள் மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பும் குடிக்கச் சொல்வோம். பலர் ராத்திரியே மொத்தத்தையும் குடித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விடியற்காலையில் பேதி மருந்து குடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி எப்படி வருவார்கள்? ஆனால் இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த சளி இறங்கி, பெருங்குடலின் வலப்பக்கத்தில் பூசினாற்போல் படிந்துவிடும். தட்டையான பாலிப் (பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு சதை வளர்ச்சி) அங்கே இருந்தால் டாக்டர் கண்ணில் படாமலே போகலாம்.

வெளியூர்க்காரர்களுக்குப் பிற்பகல் நேரம் கொடுங்கள். காலை மருந்தை மருத்துவமனையிலேயே குடிக்க, கழிப்பறையோடு ஓர் அறை ஒதுக்குங்கள். அரசு மருத்துவமனைகள் இதை முதலில் தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சீட்டில் "திரவ உணவு" என்று மட்டும் எழுதினால், பாலும் கஞ்சியும் குடித்துவிட்டு வருகிறார்கள். இளநீர், பால் சேர்க்காத டீ, வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். (சிறுநீரக நோயாளிகள் இளநீரையும் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும்.) சிவப்புச் சர்பத் கூடாது, உள்ளே பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்காமல் இருக்கவே கூடாது. வெறும் வயிற்றில் வழக்கமான மாத்திரையைப் போட்டு மயங்கி விழுந்த பெரியவர்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

மருந்துக் கடையில் தாமாகவே வேறு பேதி மருந்து வாங்குவதும் ஆபத்து. சோடியம் பாஸ்பேட் மருந்துகளால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. 2008லேயே கடுமையாக எச்சரித்தது.

கடைசியில் மலம் கசடில்லாமல் வெளிர் மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். பழுப்பாகவே போனால், வந்தவுடன் கூச்சப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். கூடுதல் மருந்தோ எனிமாவோ கொடுத்து, நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, பெரும்பாலும் அன்றே பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி