பைபிள் காலேஜும் மெஸ் பாக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழமைவாதக் கிறிஸ்தவக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. வெளியே இருப்பவர்கள், “அத்தனை கட்டுப்பாடு போட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் யார் போய்ச் சேருவார்கள்?” என்கிறார்கள். சபைக்குள் இருப்பவர்கள், “உபதேசத்தில் தளர்ந்தார்கள், அதனால் விழுந்தார்கள்” என்கிறார்கள். கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்து வேதாகமக் கல்லூரிகளின் வரவுசெலவு நோட்டுகளோடு பழகிய எங்களுக்கு இரண்டும் அரைக் கணக்காகவே படுகின்றன. அனுப்புகிற சபைக்கும் படிக்க வைக்கிற கல்லூரிக்கும் நடுவில் இருந்த பணக் கயிறும் பிள்ளைக் கயிறும் எங்கே அறுந்தன என்று பார்த்தால்தான் முழுக் கணக்குத் தெரியும். கொங்கு நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல என்பதால் எழுதுகிறோம்.

டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் 1946இல் தொடங்கிய டென்னசி டெம்பிள் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஹைலேண்ட் பார்க் பாப்டிஸ்ட் சபையின் பிள்ளை. அந்தச் சபை நாட்டின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக இருந்த காலத்தில் கல்லூரியில் 4,000 பேருக்கு மேல் படித்தார்கள். சபை தேய்ந்தது, கல்லூரியும் கூடவே தேய்ந்தது. 2015இல் வட கரோலினாவிலுள்ள வேறொரு கல்லூரியோடு இணைந்து, பெயரும் போயிற்று. கட்டுப்பாட்டைத் தளர்த்தியதாலோ இறுக்கியதாலோ வந்த முடிவாக இதைச் சொல்ல முடியாது. கிணற்றில் ஊற்று வற்றிய பிறகு மோட்டாரை மாற்றி என்ன பயன்?

அதே 2015இல் புளோரிடாவின் கிளியர்வாட்டர் கிறிஸ்தவக் கல்லூரியும் விஸ்கான்சினின் நார்த்லேண்ட் இன்டர்நேஷனல் பல்கலைக்கழகமும் மூடின. மினசோட்டாவின் பில்ஸ்பரி பாப்டிஸ்ட் வேதாகமக் கல்லூரி 2008இலேயே மூடிவிட்டது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு கல்லூரிகள் அங்கீகாரம் இழந்து வகுப்புகளை நிறுத்தின. ஒன்று கிங்ஸ் காலேஜ். மற்றொன்று, 1882இல் மிஷனரிகளைப் பயிற்றுவிக்கத் தொடங்கி நயாக் என்ற பெயரில் வளர்ந்த அலையன்ஸ் பல்கலைக்கழகம். இது தன் பழைய நயாக் வளாகத்தை விற்றுவிட்டு மன்ஹாட்டனுக்குள் வந்தது. கிங்ஸ் காலேஜும் மன்ஹாட்டனில் வாடகைக்கு இருந்தது. சொந்த மண் இல்லாமல், உலகத்திலேயே விலை கூடிய இடங்களில் ஒன்றில் வாடகை கொடுத்து ஊழியத்துக்கு ஆள் படிக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம். அங்கே 2007இல் ஏறத்தாழ 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன, பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. அந்த ஆண்டுப் பிள்ளைகள் 2025இல் பதினெட்டு வயதைத் தொட்டாயிற்று, இனி வருவது சிறிய கூட்டம். பிள்ளைகளுக்காகப் போட்டி கூடியதால் தனியார் கல்லூரிகள் அறிவித்த கட்டணத்தில் பாதிக்கும் மேலே தள்ளுபடியாகக் கொடுக்கின்றன. விலைப்பட்டியலில் ஒரு தொகை, கல்லாவில் விழுவது அதில் பாதி.

நிலைத்தவை எப்படி நிலைத்தன என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி கல்லூரி மாணவர் வாங்கும் அரசு உதவியே கல்லூரியை அரசு விதிகளுக்குள் கொண்டுவரும் என்ற 1984 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அரசின் மாணவர் உதவித்தொகைத் திட்டத்திலிருந்தே விலகிக்கொண்டது. 1996 முதல் அரசு கடனும் இல்லை, மாணவர்களுக்குத் தனியார் வழியிலேயே உதவி ஏற்பாடு செய்தது. மிசௌரியின் காலேஜ் ஆஃப் தி ஓசார்க்ஸ் இன்னொரு வழி பிடித்தது. வாரம் 15 மணி நேரமும், அதற்கு மேல் 40 மணி நேர வாரங்கள் இரண்டும் மாணவர்கள் கல்லூரியின் பண்ணையிலும் சமையற்கூடத்திலும் வேலை செய்கிறார்கள். முழுநேர மாணவரிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. வர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகம் 1990களில் கடனில் மூழ்கும் நிலையில் இருந்தது. 1985லேயே வீடியோ கேசட் அனுப்பித் தொலைதூரப் பாடம் நடத்தத் தொடங்கியிருந்ததால், இணையம் வந்ததும் அந்த அடித்தளத்தின் மேல் ஏறி, இன்று ஒரு லட்சம் பேருக்கு மேல் படிக்கும் இடமாகிவிட்டது. அந்த வழியை எல்லோரும் பின்பற்ற முடியாது. பிந்தி வந்தவர்கள் விளம்பரச் செலவிலேயே கரைந்தார்கள்.

பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் போகக்கூடாது. வெவ்வேறு இனத்து மாணவர்கள் காதலிப்பதையும் மணப்பதையும் தடுத்த விதிக்காக அதன் வரிவிலக்கு பறிக்கப்பட்டது. 1983இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த விதியைக் கல்லூரி கைவிட்டது 2000இல்தான். வரிவிலக்கு திரும்பக் கிடைத்தது 2017இல். அந்த விதி பாவம். அதைப் பைபிளின் பேரால் நியாயப்படுத்தியது அதைவிடப் பெரிய பாவம். சாதிவாரியாகத் தனிக் கல்லறைத் தோட்டம் கேட்கிற சபைகள் உள்ள தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதை நாங்கள் தலைகுனிந்தே சொல்கிறோம். ஆனாலும் அந்தக் கல்லூரி இன்றும் நடப்பதற்குக் காரணம், அதன் பாடப்புத்தகங்களை வாங்குகிற பள்ளிகளும் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிற குடும்பங்களும் நாடெங்கும் இருப்பதுதான். அந்தக் கயிறு இற்றுப்போனது, அறுந்துவிடவில்லை.

இனி நம்மூர்க் கணக்குக்கு வருகிறோம். இங்கே சொல்வது சர்ச் கல்லூரிகள் எல்லாவற்றையும் பற்றி அல்ல. 1948இல் தொடங்கிய கோவை நிர்மலா கல்லூரி போன்ற கலைக்கல்லூரிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், அவற்றின் பிரச்சினை வேறு. வேதம் பிழையற்றது என்ற விசுவாச அறிக்கையில் ஆசிரியர்கள் கையெழுத்திடுகிற, போதகர்களையும் ஊழியர்களையும் தயாரிக்கிற, நாற்பது ஐம்பது பேர் தங்கிப் படிக்கிற சின்ன இடங்களைப் பற்றியே பேசுகிறோம்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மாணவர் 40 பேர். மெஸ் செலவு ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய், பத்து மாதத்துக்கு மொத்தம் 12 லட்சம். ஆறு ஆசிரியர்களுக்குத் தலைக்கு 20,000 வீதம் ஆண்டுக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். சமையல்காரர், வாட்ச்மேன், ஆபீஸ் ஆட்கள் என நான்கு பேருக்கு 12,000 வீதம் 5 லட்சத்து 76 ஆயிரம். கரண்ட் பில், தண்ணீர், நூலகம், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 4 லட்சம். ஆகமொத்தம் 36 லட்சத்து 16 ஆயிரம். கட்டணம் ஆளுக்கு 25,000 என்றால் வரவு 10 லட்சம். துண்டு விழுவது 26 லட்சத்துக்கு மேல்.

சேர்க்கை 25 ஆக இறங்கினால் என்ன ஆகும்? மெஸ்ஸில் நாலரை லட்சம் மிச்சம், கட்டணத்தில் மூணேமுக்கால் லட்சம் நட்டம். துண்டு அப்படியே 25 லட்சத்துக்கு மேல் நிற்கும். ஆனால் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு 90,000 சொச்சத்திலிருந்து ஒரு லட்சத்து 26 ஆயிரத்தைத் தாண்டிவிடும். சரி, ஆளைக் கூட்டுவோம் என்று ஊர் ஊராகப் போய் இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால்? ஒவ்வொருவரும் கொடுப்பது 25,000, சாப்பிடுவது 30,000. சேரச் சேர ஆளுக்கு 5,000 கூடுதல் நட்டம். சேர்க்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிர்வாகக் குழுவில் பேசுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் பார்ப்பதில்லை.

இந்தத் துண்டை இதுவரை அடைத்தது பெரும்பாலும் வெளிநாட்டு உதவி. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபின் அந்த வழி குறுகிவிட்டது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை எடுக்கலாம் என்றிருந்தது 20 சதவீதமானது. ஒரு டிரஸ்ட் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு டிரஸ்டுக்குக் கொடுப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டது. சென்னையில் பெரிய அமைப்பு ஒன்று வாங்கி, இங்கே பத்துக் கல்லூரிகளுக்குப் பிரித்துத் தந்த ஏற்பாடு அத்தோடு முடிந்தது. சொந்தப் பதிவு உள்ள கல்லூரியும் டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் பணத்தைப் பெற வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், டிசம்பர் 31க்குள் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். இதைச் சரியாகச் செய்ய ஒரு அனுபவமுள்ள கணக்கர் வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் கல்லூரியிடம் பணமில்லை.

பிள்ளைக் கயிறும் இற்றுவிட்டது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள், 1.8. கொங்குப் பகுதி அதற்கு வெகு முன்பே ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட பூமி. நாலு பிள்ளையில் ஒன்றைக் கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்த வீட்டில் இன்று இருப்பது ஒரே பையன். அவனைப் பைபிள் காலேஜுக்கு அனுப்ப, பக்தியுள்ள தாய்தகப்பனும் யோசிக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரு கல்லூரி விழப்போகிறது என்பது முதலில் மெஸ் நோட்டில் தெரியும். மளிகைக் கடைக்காரர் சிட்டையில் ‘பழைய பாக்கி’ என்ற வரி மாதாமாதம் மேலே ஏறும். அரிசி மூட்டையாக வந்தது சிப்பமாக வரும். அடுத்தது, ஆசிரியர் சம்பளம் பத்தாம் தேதி பாதி, இருபத்தைந்தாம் தேதி மீதி. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடமானால் பி.எஃப். பதினைந்தாம் தேதிக்குள் கட்டப்படாமல் நிற்கும். ஊழியரிடம் பிடித்த 12 சதவீதத்தைக் கட்டாமல் செலவழிப்பது குற்றம் என்று தெரிந்தும் செய்வார்கள். கடைசியாக, நூலகக் கட்டடத்துக்கென்று சபைகள் கொடுத்த பணத்தை எடுத்துச் சம்பளம் போடுவார்கள். விதை மஞ்சளை வேகவைத்து மண்டிக்கு அனுப்பிய பண்ணையத்துக்கு அடுத்த வைகாசியில் நட ஒன்றுமிருக்காது. அமெரிக்கக் கல்வித் துறை, அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் உள்ள ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் மைனஸ் 1 முதல் 3 வரை நிதிநிலை மதிப்பெண் போடுகிறது. 1.5க்குக் கீழே போனால் கண்காணிப்பு. நம் வேதாகமக் கல்லூரிகளுக்கு அப்படி ஒரு அளவுகோல் இல்லாததால், மளிகைக் கடைச் சிட்டையே அளவுகோல்.

செய்யக்கூடியது உண்டு. மேலே சொன்ன கணக்கில், அனுப்புகிற சபை தன் மாணவனின் மெஸ் செலவான 30,000ஐ எழுத்துமூலம் ஏற்றால் 26 லட்சத்துத் துண்டு 14 லட்சமாகும். மாதம் 1,000 கொடுக்கும் நூறு சபைகள் 12 லட்சம் தருகின்றன. மிச்சம் இரண்டு லட்சம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கிற சபைகளுக்கு இது எட்டாத தொகை அல்ல. ஆனால் கொடுக்கிற சபை கணக்குக் கேட்கும், கேட்கவும் வேண்டும். தணிக்கையான வரவுசெலவைச் சேப்பல் வாசலில் ஒட்டாத கல்லூரிக்கு எந்தச் சபையும் நீண்ட நாள் அனுப்பாது.

இணைவதாக இருந்தால் நிலம் கையில் இருக்கும்போதே இணையுங்கள். முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே விசுவாச அறிக்கையோடு இரண்டு கல்லூரிகள், இரண்டு கிரேக்க ஆசிரியர்கள், இரண்டு ஜெனரேட்டர்கள் எதற்கு? இதில் ஒரு வரிச் சிக்கல் உண்டு. 2016இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த விதிப்படி, வரிவிலக்குப் பதிவு பெற்ற டிரஸ்ட், அதே போன்ற நோக்கமும் பதிவும் இல்லாத அமைப்போடு இணைந்தாலோ, கலைந்தபின் சொத்தை 12 மாதத்துக்குள் பதிவுள்ள அமைப்புக்கு மாற்றாவிட்டாலோ, சொத்தின் சந்தை மதிப்பில் கடன்போக மீதிக்கு உச்சபட்ச வரி கட்ட வேண்டும். அவிநாசி ரோட்டிலோ சத்தி ரோட்டிலோ ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் கல்லூரிக்கு அது எவ்வளவு வரும் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத் தீர்மானம் போடுங்கள். டிரஸ்ட் பத்திரத்தில் கலைப்பு பற்றிய ஷரத்தை முதலில் படியுங்கள்.

மூடியே தீர வேண்டும் என்றால், ஜூனில் புதிய சேர்க்கையை நிறுத்தி, இருக்கிற வகுப்புகளை முடித்துவிட்டு மூடுவதே நேர்மை. அமெரிக்காவில் மூடுகிற கல்லூரி, மாணவர்கள் மீதிப் படிப்பை எங்கே முடிப்பது என்று வேறு கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டு அங்கீகார அமைப்பிடம் கொடுக்கிறது. இங்கே நடுவில் பூட்டுப் போட்டால், மூன்றாம் ஆண்டு மாணவன் வேறிடத்தில் முதல் ஆண்டிலிருந்து தொடங்க நேரிடுகிறது. அவனுடைய ஒரிஜினல் மார்க் ஷீட் பீரோவுக்குள் மாட்டிக்கொள்கிறது.

அந்த பீரோதான் எங்களை மிகவும் வருத்துகிறது. நாற்பது ஐம்பது ஆண்டு மதிப்பெண் பதிவேடுகள், துணி அட்டை போட்டவை, கீழ்த்தட்டில் கரையான் ஏறிய நிலையில் இருக்கும். அவற்றில் பெயருள்ள போதகர் ஒருவர் அறுபது வயதில் மேற்படிப்புக்கோ விசாவுக்கோ சான்று கேட்டால் கொடுக்க ஆளிருக்காது. ஒரு பதிவேட்டில் 200 பக்கம் என்றால், ஒரு ஆள் ஒரு நாளில் ஸ்கேன் செய்துவிடலாம். மூன்று பிரதி எடுத்து, ஒன்று கல்லூரியில், ஒன்று அங்கீகாரம் தந்த அமைப்பிடம், ஒன்று திருமண்டல அலுவலகத்திலோ தாய்ச் சபையிலோ இருக்கட்டும். இயங்கிவரும் கல்லூரிகளும் இதை இந்தக் கோடை விடுமுறையிலேயே செய்யலாம். மூடிய கல்லூரிகளின் பதிவேடுகளை வாங்கிப் பாதுகாக்கக் கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு திருச்சபை அலுவலகம் முன்வந்து, உங்கள் பத்திரிகை வாயிலாக அறிவித்தால், பழைய மாணவர்கள் தேடி வருவார்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்தவக் கல்லூரிகளின் நிர்வாகத்திலும் கணக்கிலும் பணியாற்றியோர்,
ஈரோடு