‘குடிபோதை’ என்று எழுதிவிட்டால் முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் காவலில் இறப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காவலில் இருக்கும் பழங்குடியினர் மற்ற கைதிகளைவிட அதிகமாகச் சாவதில்லை, ஆகவே இதை இனப் பிரச்சினை என்று சொல்வது மிகை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நான் விக்டோரியா மாநிலத்தில் பெண்டிகோ ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இங்கே வந்து பதினோரு வருடமாகிறது. அந்த ஒரு வரி இரண்டு நாளாக மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் சொன்ன கணக்கு தப்பில்லை. பழங்குடியினர் காவலில் இறப்பதை விசாரிக்க 1987-ல் அமைத்த ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணைக் குழு 99 மரணங்களைத் துருவிப் பார்த்து, 1991-ல் அறிக்கை கொடுத்தபோது அதையேதான் சொன்னது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இத்தனை பேர் சாவதற்குக் காரணம் இத்தனை பேரைப் பிடித்து உள்ளே வைப்பதுதான் என்றும் சொன்னது. இன்றைக்கும் நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்கு நாலு பேர்கூடத் தேறாதவர்கள், சிறையில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறார்கள். உள்ளே போனபிறகு சாவு எல்லோருக்கும் ஒரே அளவில்தான் வருகிறது என்று ஆறுதல்பட இதில் என்ன இருக்கிறது? பிடிக்க நீளும் கை யாரைத் தேடிப் போகிறது என்று அல்லவா பார்க்க வேண்டும்?

டான்யா டேயை எடுத்துக்கொள்ளுங்கள். யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி இனத்துப் பெண், வயது 55, பேரப்பிள்ளை கண்டவர். 2017 டிசம்பர் 5-ம் தேதி எச்சூக்காவிலிருந்து மெல்போர்னுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். குடித்திருந்தார், உண்மை. இருக்கையில் அப்படியே தூங்கிப்போனார். யாரையும் திட்டவில்லை, யார் மேலும் கை வைக்கவில்லை. கண்டக்டர் போலீஸைக் கூப்பிட, கேசில்மெயின் ஸ்டேஷனில் இறக்கி, பொது இடத்தில் போதையில் இருந்த குற்றத்துக்காகக் கைது செய்தார்கள். போதை தெளியும்வரை நாலு மணி நேரம் லாக்கப்பில் வைத்திருப்பது ஏற்பாடு.

செல்லுக்குள் அவர் பல தடவை விழுந்தார். ஒரு தடவை நெற்றி சுவரில் மோதியது. கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய போலீஸ்காரர்கள் கதவு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் நெற்றிக் காயம் கண்ணில் பட்டது. மூளையில் ரத்தக்கசிவு. 17 நாள் கழித்து, டிசம்பர் 22-ம் தேதி, மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த கேமராக் காட்சியை ஊரே பார்க்கட்டும் என்று அவருடைய பிள்ளைகளே கேட்டு வெளியிட வைத்தார்கள். அம்மா விழுவதை உலகத்துக்குக் காட்ட ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

நம் ஊரில் ‘லாக்கப் மரணம்’ என்றதும் லத்தியும் ரத்தக்கறையும்தான் ஞாபகத்துக்கு வரும். சாத்தான்குளத்துக்குப் பிறகு சொல்லவே வேண்டாம். அதனால் இங்கே நடப்பதைச் சொன்னால், ‘அடிச்சாங்களா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அடிக்கவில்லை என்றதும், ‘அப்புறம் என்ன?’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது. டான்யா டேயை யாரும் அடிக்கவில்லை. கண்காணிக்க வேண்டியவர்கள் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப் பார்ப்பது எவ்வளவு சின்ன வேலை என்று என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். எங்கள் இல்லத்தில் இரவு நேரத்தில் ஒரு தாத்தா விழுந்துவிட்டால், அவர் ‘ஒண்ணும் இல்லை, தூங்க விடு’ என்று சத்தம் போட்டாலும் விடமாட்டோம். அரை மணிக்கு ஒரு தடவை எழுப்பி, கண்ணில் டார்ச் அடித்து இரண்டு கண்மணியும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்ப்போம். என் விரலை இறுக்கிப் பிடியுங்கள் என்போம். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்போம். ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டோடு ஒயின் குடித்திருந்தார், பேச்சு குழறியது. நான் புதிது. ஒயினால்தான் என்று நினைத்தேன். கூட இருந்த சீனியர் சொன்னார்: “வாடையை நம்பாதே. தலையில் அடிபட்டாலும் இதேமாதிரிதான் குழறும்.” போதையும் மூளைக் கசிவும் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஜன்னல் வழியாகத் தெரியாது.

அந்த ரயிலில் நானும் போவேன், அதே கேசில்மெயின் வழியாக. ஒருமுறை இரவு வேலை முடித்துவிட்டு ஏறி, வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன், கால் எதிர் இருக்கையில். கண்டக்டர் மெல்ல இருக்கையைத் தட்டி, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். ஸ்டேஷன் வந்ததும் எழுப்பியும் விட்டார். நானும் கறுத்த தோல்காரிதான். ஆனால் நர்ஸ் யூனிஃபார்மும் கழுத்தில் பேட்ஜும் இருந்தன. டான்யா டேயை அந்தக் கண்டக்டர் பார்த்த பார்வையில், அவரே உணராத இனப் பாகுபாடு கலந்திருந்தது என்று மரண விசாரணை அதிகாரி 2020 ஏப்ரலில் எழுதினார். கைது செய்யாமல் இருந்திருந்தால் அந்தச் சாவைத் தடுத்திருக்கலாம் என்றும், குற்றம் நடந்திருக்கக்கூடும் என்றும் சொல்லி வழக்குத் தொடரும் துறைக்கு அனுப்பினார். யார் மேலும் வழக்குப் போடுவதில்லை என்று அதே ஆகஸ்ட்டில் முடிவானது.

இதே மாதிரி இன்னொன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2014 ஆகஸ்ட்டில் மிஸ் டூ என்ற 22 வயதுப் பழங்குடிப் பெண்ணை, கட்டாத அபராதத்துக்காக உள்ளே வைத்தார்கள். மொத்தம் 3,622 டாலர். உடைந்த விலா எலும்பிலிருந்து கிருமி ரத்தத்தில் பரவி, வலியில் துடித்தார். நடிக்கிறாள் என்று போலீஸ்காரர்கள் நினைத்தார்கள். மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கே இறந்துவிட்டார். ஒருத்திக்குக் ‘குடிகாரி’, இன்னொருத்திக்கு ‘நடிப்புக்காரி’. அந்தப் பெயரை ஒட்டிய பிறகு எந்த வலியும் காதில் விழாது.

அமெரிக்காவில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்த அடுத்த மாதமே, 2020 ஜூனில், இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்கச் சண்டையை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள் என்று சிலர் கண்டித்தார்கள். இறக்குமதி ஒன்றும் இல்லை. சிட்னி சிறையில் டேவிட் டங்கே என்ற 26 வயதுப் பழங்குடி இளைஞரைக் காவலர்கள் குப்புற அழுத்திப் பிடித்தபோது, மூச்சு விட முடியவில்லை என்று அவர் 12 தடவை கத்தினார். அது 2015. சர்க்கரை நோயாளி. பிஸ்கட் தின்பதை நிறுத்தவில்லை என்பதில் ஆரம்பித்த விவகாரம் அது.

என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பொதுஇடக் குடிபோதையைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று 1991-லேயே ராயல் கமிஷன் சொல்லிவிட்டது, 339 பரிந்துரைகளில் 79-வதாக. அது விசாரித்த 99 பேரில் ஒருவர் ஹாரிசன் டே. குடித்திருந்ததற்குப் போட்ட அபராதத்தைக் கட்டாமல் 1982-ல் எச்சூக்கா லாக்கப்பில் இருந்தவர், வலிப்பு வந்து இறந்தார். அவர் டான்யா டேயின் மாமா. மாமா செத்தபோதே மாற்றியிருக்க வேண்டிய சட்டம், மருமகளும் செத்து, அவர் பிள்ளைகள் விடாமல் போராடிய பிறகு, 2023 நவம்பர் 7-ம் தேதிதான் விக்டோரியாவில் ஒழிந்தது. கமிஷன் அறிக்கைக்குப் பிறகு காவலில் இறந்த பழங்குடியினர் 500 பேருக்கும் மேல்.

நம்மவர்கள் கூடும் இடங்களில், ‘அவங்க குடிச்சிட்டுக் கிடப்பாங்க’ என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வந்த புதிதில் நானும் சொல்லியிருக்கிறேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த ரயிலில் போலீஸைக் கூப்பிட வைத்ததும் அதே நினைப்புதான்.

கட்டுரையாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இந்த எண்ணிக்கைகளை அச்சிடும்போது, செத்தவர்களை எதற்காகப் பிடித்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். டான்யா டே என்ற பெயருக்குப் பக்கத்தில், ‘ரயிலில் தூங்கினார்’ என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெண்டிகோ, ஆஸ்திரேலியா.