பழங்கணினி ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. செயற்குழுவில் மாற்றம் எதுவும் இல்லை. வரவு செலவுக் கணக்கை எனக்குப் பின் பொருளாளர் வாசிப்பார். நூலகப் பெட்டியிலிருந்து கையேடுகளை எடுத்துப்போய்த் திருப்பித் தராதவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும்.

இனி, இந்த ஆண்டை விழுங்கிய வேலைக்கு வருகிறேன். சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டை, அது ஓடும் கணினி கண்ணை மூடுவதற்குள் எமுலேட்டருக்குள், அதாவது இன்றைய கணினியில் பழைய கணினியைப் போல நடிக்கும் நிரலுக்குள், கொண்டுவந்துவிட வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் என்று அன்று சொன்னது நான்தான். கூட்டக் குறிப்பேட்டிலும் அது பதிவாகியிருக்கிறது. ஏழு மாதம் ஆயிற்று.

பதிவேட்டு நிரல், டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதியது. டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரில் ஒரு ஃபோல்டரை வட்டுபோல இணைத்து (மவுண்ட் செய்து) ஓட்டினால் போதாதா என்று பலர் கேட்டீர்கள். ஓடும். ஆனால் உறுப்பினர் பெயர்கள் கட்டமும் கோடுமாகத்தான் தெரியும். திரையில் தமிழ் எழுத்தைக் காட்டும் டிரைவர் என்ற துணைநிரல், டாஸ் தொடங்கும்போதே படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பு வழியாக ஏற வேண்டியது. டாஸ்பாக்ஸ் தனக்குள் வைத்திருப்பது டாஸ் போல நடந்துகொள்ளும் ஒன்று. அந்தக் கோப்பை அது கண்டுகொள்வதே இல்லை. ஆகவே மைக்ரோசாஃப்டின் அசல் எம்எஸ்-டாஸ் 6.22 பூட் ஆகிற (தானே தொடங்கி எழுகிற) ஒரு மெய்நிகர் வட்டு, அதாவது வன்வட்டாக நடிக்கும் ஒரு கோப்பு, தேவைப்பட்டது. உரிமத்தோடு வந்த மூன்று பிளாப்பிகள் சங்கத்தின் அலமாரியில் இருந்தன.

ஒரு 1.44 எம்பி பிளாப்பியின் நகல் மிகச் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும்: 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு செக்டர் என்ற 18 துண்டுகள், செக்டருக்கு 512 பைட். நம் முதல் பிளாப்பியின் நகல் குறைவாக வந்து நின்றது. படிக்க முடியாத செக்டர்களை விடாமல் திரும்பத் திரும்ப முயலும் டிடிரெஸ்க்யூ நிரல்தான் மீட்டுக் கொடுத்தது. நகல் குறைந்தால் அதை வைத்துக்கொண்டு மேலே போகக்கூடாது. அதிலும் ஒரு வாரம் போயிற்று.

அப்புறம் வட்டு. முதல் முயற்சியில் 500 எம்பிக்கு ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, லினக்ஸிலேயே ஃபார்மேட் செய்து, டாஸின் கோப்புகளை உள்ளே நகலெடுத்துப் போட்டோம். 'இது பூட் ஆகும் வட்டு அல்ல, பிளாப்பியைப் போடுங்கள்' என்று ஆங்கிலத்தில் மரியாதையாகப் பதில் வந்தது. கோப்புகள் இருப்பது வேறு, பூட் ஆவது வேறு. கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் முதலில் படிப்பது வட்டின் முதல் 512 பைட்டை மட்டும்தான். அதிலுள்ள குறிமுறையே அடுத்தடுத்த படிகளைக் கூப்பிட வேண்டும். லினக்ஸ் எழுதி வைத்த முதல் செக்டருக்கு டாஸின் தொடக்கக் கோப்பான ஐஓ.சிஸ் என்றால் என்னவென்றே தெரியாது.

இரண்டாம் முறை கியூஎமு என்ற இன்னொரு எமுலேட்டரில் பிளாப்பி நகலிலிருந்து பூட் செய்து, வட்டைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கும் எஃப்டிஸ்க், பிறகு டாஸின் தொடக்கக் கோப்புகளையும் சேர்த்து எழுதும் 'ஃபார்மேட் சி: /எஸ்' என்று முறையாகப் போனோம். அப்போதும் எழவில்லை. முழு அளவையும் பார்ட்டிஷனுக்கு எடுத்துக்கொள்ளவா என்று எஃப்டிஸ்க் கேட்டதற்கு 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தோம். அப்படிச் சொன்னால் பார்ட்டிஷனை ஆக்டிவ் (பூட் ஆகும் பகுதி) ஆக்குவது நம் பொறுப்பு. அதற்கான எச்சரிக்கை திரையில் நின்றுகொண்டுதான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. மெனுவில் 2-ஐ அழுத்தியதும் சி: எழுந்தது. அன்று கைதட்டியவர்கள் பெயரையும் குறித்து வைத்திருக்கிறேன்.

கைதட்டல் அடங்குவதற்குள் 'ரன்டைம் எரர் 200' வந்தது. டர்போ பாஸ்கலில் திரையைக் கையாளும் சிஆர்டி யூனிட், தொடங்கும்போதே கணினியின் வேகத்தை ஒரு சுழற்சி வைத்து அளந்து பார்க்கும். இன்றைய வேகத்தில் வரும் எண் அதன் கணக்குக்குள் அடங்காது. பூஜ்ஜியத்தால் வகுத்ததாகச் சொல்லி நின்றுவிடும். வேகத்தைக் குறைக்க டாஸ்பாக்ஸில் சைக்கிள்ஸ் அமைப்பு உண்டு. ஆக, கியூஎமுவில் செய்த வட்டை டாஸ்பாக்ஸில் பூட் செய்வது என்று முடிவாயிற்று.

அங்கே வட்டின் ஜியாமெட்ரியை, அதாவது அதன் பிரிவுகளின் எண்ணிக்கையை, நாமே சொல்ல வேண்டும்: 512,63,16,1015. செக்டருக்கு பைட், தடத்துக்கு செக்டர், ஹெட் (படிக்கும் முனை), சிலிண்டர் (ஒரே நிலையிலுள்ள தடங்களின் அடுக்கு) என்ற வரிசை. ஒருவர் 63-ஐயும் 16-ஐயும் இடம் மாற்றி அடித்துவிட்டு, வட்டு கெட்டுவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். வட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, முகவரிதான் தப்பு. 500 எம்பி என்று நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்ற பழைய வரம்பு 504 எம்பியில் முடிகிறது. அதைத் தாண்டினால் பயாஸ் ஹெட் எண்ணிக்கையை மாற்றிக் காட்டத் தொடங்கும். ஒரு எமுலேட்டரில் எழுந்த வட்டு இன்னொன்றில் எழாமல் போகலாம்.

ஒரு விபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே வட்டுக் கோப்பை லினக்ஸிலும் திறந்து புது உறுப்பினர் பட்டியலை உள்ளே போட்டேன். எந்தக் கோப்பு வட்டில் எங்கே என்று குறிக்கும் ஃபேட் அட்டவணையை இரு பக்கமும் எழுத, பதிவேடு துண்டு துண்டாயிற்று. முந்திய வாரத்து நகல் இருந்ததால் தப்பித்தோம். விடுபட்ட விவரங்களைத் தாளைப் பார்த்துக் கையால் சேர்த்தேன். எமுலேட்டரை மூடிய பிறகே வட்டைத் தொடுவது, தொடும் முன் ஒரு நகல் எடுப்பது என்று செயற்குழு விதி செய்திருக்கிறது. அந்த விதி யாருக்காக என்று கேட்க வேண்டாம்.

இப்போது பதிவேடு திறக்கிறது, பெயர்கள் தமிழில் தெரிகின்றன. அச்சடிப்பது மட்டும் பாக்கி. வட்டின் நகலைப் பல உறுப்பினர்கள் கேட்டிருக்கிறீர்கள். எம்எஸ்-டாஸின் உரிமம் சங்கத்துக்கு மட்டுமே என்பதால் அதைத் தர இயலாது. அதற்குப் பதிலாக, 1994-இல் ஜிம் ஹால் தொடங்கிய, எம்எஸ்-டாஸுக்கு இணையான கட்டற்ற இயங்குதளமான ஃப்ரீடாஸை நிறுவிய வட்டு ஒன்றைத் தயார் செய்து வருகிறோம். அதைத் தாராளமாகப் பகிரலாம். தமிழ் டிரைவர் அதில் ஒழுங்காக ஏறுகிறதா என்று சோதிக்க இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்